நாணற் சுவர் நின்ற கதை

1897ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 12ஆம் நாள் மாலை ஐந்தேகால் மணியளவில், ஷில்லாங் நகரில் கல்லால் எழுப்பப்பட்டிருந்த கட்டடங்கள் யாவும் சில நிமிஷங்களுக்குள் தரைமட்டமாயின. ஷில்லாங் 1874 முதல் அஸ்ஸாம் மாகாணத்தின் தலைநகராக விளங்கிவந்தது. விக்டோரியா மகாராணியாரின் வைர விழாவுக்குப் பத்து நாட்களே எஞ்சியிருந்தன. அரசாங்கக் காரியாலயங்கள், தேவாலயம், அதிகாரிகளின் மாளிகைகள் எல்லாம் கற்குவியல்களாகக் கிடந்தன. மாகாணப் போலீஸ் தலைவராயிருந்த மக்கேப் என்பவர் தம் வீட்டு இடிபாடுகளுக்கு அடியில் மாண்டார். நாகர் மலைகளிலும் லுஷாய் மலைகளிலும் போர்க்களங்களைக் கண்டு மீண்டவர் அவர். அவர் உயிரைக் கொண்டது அவருடைய வீட்டுச் சுவரே.

அந்தப் பூகம்பத்தில் இறந்தோர் தொகை ஏறத்தாழ 1,500 என்று கணக்கிடப்பட்டது. அதன் பேராற்றலோடு ஒப்பிடும்போது இத்தொகை சிறிதென்றே சொல்லவேண்டும். மாலை வேளையாதலால் மக்களிற் பலர் வீட்டுக்கு வெளியே இருந்தனர் என்பது ஒரு காரணம். மற்றொரு காரணமும் உண்டு; நம் கதை அதைப் பற்றியதே. அந்நாட்டுக் குடிமக்களில் மிகப் பெரும்பாலோர் கல்வீட்டில் வாழவில்லை. மூங்கிலும் நாணலும் மரமும் கொண்டு கட்டிய வீடுகளிலே வாழ்ந்தார்கள். அவ்வீடுகள் ஆடின, சாய்ந்தன, சில சரிந்தும் போயின. ஆயினும் உள்ளிருந்தோரை நசுக்கவில்லை. காஸி மலைகளில் மடிந்தவர்களிற் பலரை மாய்த்தது மலைச்சரிவேயன்றி வீட்டுச் சுவரன்று.

இந்திய நிலவியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த ரிச்சர்ட் டிக்ஸன் ஓல்டாம் அப்பூகம்பத்தை நுணுகி ஆராய்ந்து 1899இல் ஒரு பெருநூல் வெளியிட்டார். பூகம்ப அலைகளை வகை பிரித்தறியவும், பூமியின் நடுவே வேறோர் உட்கரு உண்டென்று கூறவும் அவரை இட்டுச் சென்ற வழியில் அந்நூல் முக்கியமான ஒரு படி. விஞ்ஞான வரலாற்றில் அதற்குரிய புகழ் கிடைத்துவிட்டது. அதே பூகம்பம் கட்டடக் கலையில் விளைவித்த மாறுதலோ, ஷில்லாங்கிலும் கௌகாத்தியிலும் உத்தியோக நிமித்தமாகத் தங்கியிருக்கும் நம்மவர்களுக்குக்கூட அதிகமாய்த் தெரிந்திருப்பதில்லை. தாம் குடியிருந்த தாழ்ந்த தகரக் கூரை வீட்டை ஏதோ பழைய காலத்துச் சிக்கனம் என்றே அவர்கள் எண்ணியிருப்பார்கள்.

காஸி மக்களைப் பற்றி 1907இல் நூலெழுதிய கர்டன் என்னும் அதிகாரி அவர்களுடைய விலக்குகளிற் சிலவற்றைக் குறித்திருக்கிறார். வீட்டின் நான்கு புறமும் கற்சுவர் எழுப்புதல் ஆகாது என்பது அவற்றுள் ஒன்று. வீடு கட்டுவதில் ஆணி அடித்தல் ஆகாது என்பது மற்றொன்று. இவை பூகம்ப அனுபவத்தால் பிறந்த கட்டளைகள்தாம் என்று நாம் துணிந்து கூறவியலாது. சமய நம்பிக்கைக்கெல்லாம் விஞ்ஞானக் காரணம் தேடிப் பிடிக்கும் பழக்கம் நம்மிடையே சற்று மிகுதியாகவே இருக்கிறது. எனினும், கல்வளம் மிகுந்த மலையில், பெரும் பெரும் நினைவுக் கற்களை நட்டு நிறுத்தும் திறம் படைத்த ஒரு சமூகம், தான் உறங்கும் இடத்துக்கு மட்டும் நான்கு புறமும் கல்லை அடுக்காமல் விட்டது என்ற செய்தி சிந்திக்கத் தக்கது. வெளியூரிலிருந்து வந்த பொறியாளர்கள் அதைச் சிந்தித்திருந்தால், 1897இன் கதை சிறிது வேறாயிருந்திருக்கும்.

பூகம்பத்துக்குப் பின் மராமத்து இலாகா தன் முறையை மாற்றிக்கொண்டது. அதன் பயனாகத் தோன்றியதே 'அஸ்ஸாம் மாதிரி வீடு' என்று இன்றளவும் வழங்கும் அமைப்பு. முழங்காலளவோ இடுப்பளவோ மட்டும் கல்லாலோ செங்கல்லாலோ அடிச்சுவர். அதன்மேல் நல்ல மரத்தால் தூண்களும் குறுக்குச் சட்டங்களும். சட்டங்களுக்கு இடைப்பட்ட இடத்தை நிரப்ப 'இக்ரா' என்னும் நாணல். ஆற்றுப் படுகையிலும் ஏரிக்கரையிலும் தானே வளர்ந்து கிடப்பது இந்த நாணல். அதை நெருக்கமாக நிறுத்தி, இரு புறமும் சாணங் கலந்த மண்ணையோ சுண்ணாம்புக் காரையையோ பூசிவிட்டால் மெல்லிய சுவராகும். நம் நாட்டுப்புறத்தில் வரிச்சு கட்டி மண் அப்பும் முறையை அறிந்தவர்க்கு இதை விளக்க வேண்டுவதில்லை. மேலே இருபுறமும் சரிந்த கூரை. முதலில் புல்வேய்ந்தும், பின்னர் நெளிதகடு வேய்ந்தும் அமைந்தது. கூரைக்குக் கீழே மூங்கிற் பாயால் உட்கூரை, முன்னே தாழ்வாரம்.

இத்தகைய சுவர் கனமற்றது. பூமி அசையும்போது கட்டடத்தைத் தாக்கும் விசை அக்கட்டடத்தின் எடையைப் பொறுத்தது. பாரமுள்ள சுவர் தன் பாரத்தாலேயே தன்னை முறித்துக்கொள்கிறது. மரச்சட்டமோ பொருத்துக்களில் சிறிது நெகிழ்ந்து, ஆடி, மீண்டும் நிலைக்கு வருகிறது. பூச்சு வெடித்து உதிரலாம். மறுநாள் ஒருவர் மண்ணைக் குழைத்து அப்பிவிட்டால் வேலை முடிந்தது. ஷில்லாங்கில் இடிந்துபோன தேவாலயமும் பின்னர் மரச்சட்ட முறையிலேயே மறுபடி எழுந்தது. நகரத்தில் மட்டுமன்றி, மலைகளின் உட்பகுதிகளிலும் பள்ளிக்கூடம், வைத்தியசாலை, தபாலாபீஸ், பயணிகள் விடுதி எல்லாம் இம்மாதிரியிலேயே அமையலாயின.

அந்த மலைகளில் சர்க்கார் கட்டடம் என்பது எவ்வாறு நுழைந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அது பள்ளிக்கூடமாக நுழையவில்லை, கோட்டையாக நுழைந்தது. கோஹிமா 1878இல் நாகர் மலை நிர்வாகத்தின் தலைமையிடமாயிற்று. அடுத்த ஆண்டே நாகர்கள் அதை முற்றுகையிட்டார்கள். அய்ஸால் நகரம் 1890இல் அமைந்த படைக்காவல் நிலையத்தைச் சுற்றி வளர்ந்தது. முதலில் வேலியும் காவலும், அடுத்துக் கச்சேரி, அதற்கும் பின்னரே மருந்தும் புத்தகமும். சுற்றிலும் வாழ்ந்த மக்கள் அக்கட்டடங்களை எக்கண்கொண்டு பார்த்திருப்பார்கள் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

அவர்களுக்கும் பொதுக்கட்டடங்கள் இல்லாமல் இல்லை. நாகர் ஊர்களில் இளைஞர் கூடும் மோருங், ஆதி மக்களின் முஸுப், மிஸோ மக்களின் ஸாவல்புக் ஆகியவை ஊரார் யாவரும் சேர்ந்து கட்டியவை. ஊரார் சேர்ந்தே பழுது பார்த்தவை. சியாங் நதியின்மேல் பிரம்பாலும் மூங்கிலாலும் ஆதி மக்கள் தொங்கவிட்ட பாலங்களும் அவ்வாறே. பிரம்பு மக்கும்; ஆகவே காலந்தவறாமல் புதிய பிரம்பைப் பின்னிச் சேர்த்தாக வேண்டும். ஒருமுறை கட்டி மறந்துவிடும் பொருளாக அவர்கள் பாலத்தைக் கருதவில்லை. பயிரைப்போல ஆண்டுதோறும் கவனிக்க வேண்டியதாகக் கருதினார்கள். ஒப்பந்தக்காரரும் இல்லை, அவருக்குக் கொடுக்கவேண்டிய பாக்கியும் இல்லை.

இரண்டாம் உலகப்போர் கோஹிமாவை எட்டியபோது மற்றோர் உண்மை வெளியாயிற்று. 1944 ஏப்ரல் 4 முதல் ஜூன் 22 வரை அங்கே நடைபெற்ற போரின் வரலாற்றைப் படிப்போர், இடங்களின் பெயர்களைச் சற்றுக் கவனிக்க வேண்டும். சிறைச்சாலைக் குன்று, இராணுவ ஆஸ்பத்திரி மேடு, உணவுக் கிடங்குக் குன்று, துணை ஆணையர் மாளிகை, அம்மாளிகையின் டென்னிஸ் மைதானம் என்பனவே அப்பெயர்கள். நிர்வாகத்தின் அலுவல்களெல்லாம் போர்முனைகளாகிவிட்டன. மாளிகை இருந்த இடத்தில் இன்று 1,420 கல்லறைகள் கொண்ட போர் நினைவிடம் இருக்கிறது. குன்றின் மீது, சாலையை நோக்கி, எல்லார் கண்ணுக்கும் புலப்படுமாறு கட்டிய கட்டடம் அமைதிக்காலத்தில் அதிகாரத்துக்கு அழகு. போர்க்காலத்தில் இரு படைகளும் முதலில் நாடும் இடம் அதுவே. இதை நினைவிற் கொள்வோம். பிற்பாடு வேறொரு நாட்டில் இதே செய்தி நமக்குத் தேவைப்படும்.

சுதந்திரத்துக்குப் பின்னர் வடகிழக்கு எல்லைப் பகுதியில், அதாவது இன்றைய அருணாசலப் பிரதேசத்தில், நிர்வாகம் ஆழ்ந்து பரவத் தொடங்கியது. 1953இல் அச்சிங்மோரி என்னும் இடத்தில் அரசாங்கக் குழுவொன்று தாகின் மக்களால் தாக்கப்பட்டு நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஊர்களை எரித்தும் குண்டுவீசியும் பழிவாங்குவதில்லை என்று பிரதமர் நேருவும் மாகாண ஆளுநரின் ஆலோசகராயிருந்த நாரி ருஸ்தம்ஜியும் உறுதிகொண்டனர். அடுத்த ஆண்டில் வெர்ரியர் எல்வின் அப்பகுதிக்குப் பழங்குடி விவகார ஆலோசகராக நியமிக்கப்பட்டார். 1957இல் அவர் எழுதிய 'நேஃபாவுக்கு ஒரு தத்துவம்' என்னும் நூல் அந்நிர்வாகத்தின் வழிகாட்டியாயிற்று. அரசாங்கக் கட்டடங்கள் அந்நிலத்துக்கும் மக்களுக்கும் அந்நியமாக நிற்கலாகாது என்பதும் அந்நூலின் கவலைகளில் ஒன்று.

இதை வெறும் அழகுணர்ச்சி என்று ஒதுக்கியவர்கள் அக்காலத்திலும் உண்டு. அவர்களுக்குச் சுமையாட்களின் முதுகே விடை சொல்லியிருக்கும். சாலையில்லாத நாட்டில் ஒரு நெளிதகடு பத்துக் கிலோவுக்குக் குறையாது. காற்றில் அது பாய்மரம்போல் விரிந்து ஒற்றையடிப் பாதையில் நடப்பவனைப் பள்ளத்தில் தள்ளப் பார்க்கும். ஒரு மூட்டை சிமெண்டு 50 கிலோ. வழியில் ஒரு மழை பிடித்துக்கொண்டால் அது மூட்டையன்று, பாறை. கலிங்கா விமானக் கம்பெனியாரும் விமானப்படையாரும் வானத்திலிருந்து அரிசியையும் உப்பையும் போட்டுக்கொண்டிருந்த காலம் அது. விமானத்தில் வரும் ஒவ்வொரு தகட்டுக்கும் ஈடாக ஓர் அரிசி மூட்டை நின்றுபோயிற்று என்றே கொள்ளலாம். மூங்கிலோ காட்டிலேயே இருந்தது. அதை வெட்டவும் பிளக்கவும் பின்னவும் தெரிந்த கைகளும் அங்கேயே இருந்தன. ஆகவே மூங்கிற் பள்ளிக்கூடம் தத்துவத்தால் மட்டும் வந்ததன்று, கணக்காலும் வந்தது. தத்துவமும் கணக்கும் ஒரே பக்கம் நிற்பது அரசாங்கக் காரியங்களில் அபூர்வம்.

ஆயினும் மூங்கிலைப் போற்றிப் பாடுவதோடு நிறுத்திவிட்டால் பாதி உண்மையே சொன்னவராவோம். லுஷாய் மலைகளில் மிகுதியாய் வளரும் ஒருவகை மூங்கில் ஏறக்குறைய 48 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒருங்கே பூத்துக் காய்த்து மடியும். காயைத் தின்று எலிகள் பெருகும். காய் தீர்ந்ததும் அவை வயலிலும் களஞ்சியத்திலும் புகும். மிஸோ மக்கள் இதை 'மௌதாம்' என்பர். 1959இல் அது வந்தது, பஞ்சம் தொடர்ந்தது. உதவி போதியபடி வரவில்லை என்ற மனத்தாங்கலில், பஞ்ச நிவாரணத்துக்கென அமைந்த ஒரு சங்கம் 1961இல் மிஸோ தேசிய முன்னணி என்னும் அரசியல் இயக்கமாக மாறிற்று. 1966 பிப்ரவரி இறுதியில் ஆயுதக் கிளர்ச்சி வெடித்தது. மார்ச் 5ஆம் நாள் அய்ஸாலின்மேல் இந்திய விமானங்கள் குண்டு வீசின. அச்சிங்மோரிக்குப் பின் காட்டிய பொறுமை பதின்மூன்றே ஆண்டுகளில் எங்கே போயிற்று என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

1967 முதல் மிஸோ ஊர்கள் பல காலிசெய்யப்பட்டு, மக்கள் சாலையோரக் குடியிருப்புகளில் ஒன்றுதிரட்டப்பட்டனர். 'பாதுகாக்கப்பட்ட முன்னேற்றக் கிராமங்கள்' என்பது முதற்கட்டக் குடியிருப்புகளுக்கு இடப்பட்ட பெயர். விட்டு வந்த வீடுகள் எரிக்கப்பட்டன. புதிய இடத்தில் மக்கள் கட்டிக்கொண்டதும் மூங்கில் வீடுதான்; அதே தட்டி, அதே பிரம்புக்கட்டு. ஆனால் அவை அவர்கள் விரும்பித் தேர்ந்த இடத்தில் இல்லை. வயலுக்குப் போகவும் அனுமதிச் சீட்டு வேண்டியிருந்தது. உள்ளூர்ப் பொருளால் கட்டிவிட்டாலே அது மக்களின் கட்டடமாகிவிடும் என்போர் இந்த அத்தியாயத்தைப் படித்தல் நலம். சாந்து எது, சட்டம் எது என்பதற்கு முன்னே, யார் சொல்லி யாருக்காகக் கட்டியது என்னும் கேள்வி நிற்கிறது. 1986 ஜூன் 30இல் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அடுத்த மௌதாம் 2007இல் வந்தபோது நிர்வாகமும் மக்களும் முன்கூட்டியே அறிந்து ஆயத்தமாயிருந்தனர்.

இங்கே நம் தொழிலைச் சார்ந்த ஒரு சொல்லைப் பற்றி ஓரிரு வார்த்தை கூற அனுமதி வேண்டுகிறோம். அரசாங்கக் குறிப்புகளை மொழிபெயர்ப்போர் மேசைக்கு அடிக்கடி வரும் சொற்கள் 'பக்கா', 'கச்சா' என்பவை. இந்தியில் பக்கா என்றால் வெந்தது, பழுத்தது. கச்சா என்றால் பச்சையானது, வேகாதது. வெந்த செங்கல்லுக்கும் வேகாத மண்ணுக்கும் இருந்த வேறுபாடு நாளடைவில் நிரந்தரம், தற்காலிகம் என்று பொருள் விரிந்துவிட்டது. குடிக்கணக்கு அறிக்கைகளில் சுவரும் கூரையும் செங்கல், கல், கான்கிரீட், உலோகத் தகடு போன்றவற்றால் ஆனவை நிரந்தர வீடுகள்; இரண்டிலொன்று மட்டும் அவ்வாறாயின் அரை நிரந்தரம்; மூங்கிற் சுவரும் புற்கூரையுமாயின் தற்காலிகம். இக்கணக்குப்படி, நூறாண்டு நின்று பல பூகம்பங்களைக் கண்ட நாணற் சுவர் வீடு அரை நிரந்தரம். நேற்றுக் கட்டி இன்று விரிசல் கண்ட கான்கிரீட் கட்டடமோ முழு நிரந்தரம்! இச்சொற்களை நாம் தமிழாக்கும்போதெல்லாம் பேனா சற்றுத் தயங்கத்தான் செய்கிறது. தயங்கி என்ன பயன்? பணம் ஒதுக்குவோர் கண்ணில் 'நிரந்தரம்' என்னும் சொல்லுக்குள்ள கவர்ச்சி வேறெதற்கும் இல்லை. மூங்கிலுக்கோ மற்றொரு தடையும் இருந்தது. 1927ஆம் ஆண்டு வனச் சட்டம் மூங்கிலை மரமென்று வகுத்ததால், தன் கொல்லையில் வளர்த்ததை வெட்டிச் செல்லவும் பல இடங்களில் சீட்டு வாங்க வேண்டியிருந்தது. காட்டுக்கு வெளியே வளரும் மூங்கிலுக்கு 2017இல்தான் அந்தத் தளை நீங்கியது.

இதற்கிடையே மலைநாட்டு ஊர்களிலெல்லாம் கான்கிரீட் ஏறியது. ஒழுங்காகக் கட்டினால் கான்கிரீட்டும் பூகம்பத்தைத் தாங்கும், அதில் ஐயமில்லை. ஒழுங்காகக் கட்டுவதற்கு நல்ல மணல், அளவான நீர், சரியாக வளைத்த கம்பி, மேற்பார்வைக்கு ஒரு பொறியாளர் ஆகியவை வேண்டும். கலகம் நடக்கும் மலையுச்சிக்கு இவற்றுள் எது தவறாமல் போய்ச் சேரும்? 2011 செப்டம்பர் 18இல் சிக்கிமை உலுக்கிய பூகம்பத்தின் பின்னர்ச் சென்று பார்த்த வல்லுநர்கள், பழைய நாணற் சுவர் வீடுகள் நன்றாகவே நின்றதையும் புதிய கான்கிரீட் கட்டடங்கள் பல சிதைந்ததையும் எழுதினார்கள். 2016 ஜனவரி 4இல் மணிப்பூர் குலுங்கியபோது, பெண்களே நடத்தும் புகழ்பெற்ற இம்பால் சந்தையான இமா கெய்தலுக்கெனச் சில ஆண்டுகளுக்கு முன்னரே எழுப்பிய பெருங்கட்டடங்கள் பலத்த சேதமடைந்தன.

கான்கிரீட்டுக்கு வேறொரு குணமும் உண்டு. கலக நாட்டில் அது குணமா குற்றமா என்பது யார் உள்ளே இருக்கிறார் என்பதைப் பொறுத்தது. திடமான சுவர், தட்டையான மொட்டைமாடி, சுற்று மதில், தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றோடு கூடிய ஒரு பள்ளிக்கூடம், படை தங்குவதற்கென்றே கட்டியதுபோல் இருக்கும். படை வந்து தங்கும். படை தங்கிய இடம் எதிரிக்கு இலக்காகும். பிள்ளைகள் வீட்டுக்குத் திரும்புவார்கள். கோஹிமாவின் குன்றுப் பெயர்கள் சொன்ன செய்தி இதுவே.

இப்பொருள் உச்ச நீதிமன்றம் சென்ற வழியில் தமிழ்நாட்டின் பெயரும் கலந்திருப்பது நம் நேயர்களுக்கு வியப்பளிக்கலாம். மணிப்பூரிலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் சிறுவர் சிறுமியர் தமிழ்நாட்டு விடுதிகளுக்குக் கொண்டுவரப்பட்டிருந்தது தெரியவந்தது. தமிழ்நாட்டு அநாதை விடுதிகளில் குழந்தைகள் படும் அல்லலைப் பற்றி ஏற்கெனவே நடந்துவந்த வழக்கிலே அச்செய்தியும் ஆராயப்பட்டது. அப்பிள்ளைகள் ஊரைவிட்டு ஏன் அத்தனை தொலைவு வந்தார்கள் என்று ஆராயப் புகுந்தபோது, அவர்கள் ஊர்ப் பள்ளிகளின் நிலையும் கேள்விக்கு வந்தது. பள்ளிக்கூடங்களையும் மாணவர் விடுதிகளையும் ஆயுதப் படையினர் இனி எக்காரணத்துக்காகவும் தங்குமிடமாக்கக் கூடாது என்று 2010 செப்டம்பர் 1இல் நீதிமன்றம் அந்த வழக்கில் ஆணையிட்டது. நாம் பிறந்த மண்ணின் பெயர் தாங்கிய ஒரு வழக்கு, மணிப்பூர்ப் பள்ளியொன்றின் கதவைப் பற்றிப் பேசியது.

இனி, வடகிழக்கை விட்டு நாட்டின் நடுப்பகுதிக்கு வருவோம். சத்தீஸ்கர் மாநிலத்தின் தெற்கே பஸ்தர் வனம் இருக்கிறது. பிலாய் உருக்காலையின் பொருட்டு அம்மாநிலத்தில் குடியேறிய நம்மவர்க்கு அது அயல்வீட்டுக் கதை. அங்கே மாவோயிஸ்டுகளுக்கும் அரசாங்கத்துக்கும் நடந்த போராட்டம் 2005க்குப் பின் உக்கிரமடைந்தது. ஊர்கள் கலைந்தன. பாதுகாப்புப் படையினர் பள்ளிக் கட்டடங்களில் தங்கினர். கிளர்ச்சிக்காரர்கள் பள்ளிக் கட்டடங்களைத் தகர்த்தனர். படை தங்காதபடி தகர்த்தோம் என்றனர் ஒரு சாரார். தங்க வேறிடமில்லை என்றனர் மற்றொரு சாரார். பள்ளிகளை விட்டு வெளியேறுமாறு 2011இல் உச்ச நீதிமன்றம் இங்கும் கட்டளையிட வேண்டியதாயிற்று.

மாவட்ட நிர்வாகம் அப்போது கண்ட உபாயம், 'போர்ட்டா கேபின்' எனப் பெயர் பெற்ற உண்டு உறைவிடப் பள்ளிகள். மூங்கிற் பாய்ப் பலகைகளையும் ஒட்டுப் பலகைகளையும் சட்டத்தில் பூட்டி, சில வாரங்களுக்குள் எழுப்பக்கூடிய கூடங்கள் அவை. சாலையோரத்தில், ஓரளவு காவலுள்ள இடங்களில் அமைந்தன. உள்ளூர்ப் பிள்ளைகள் சில நூறு பேர் ஒவ்வொன்றிலும் தங்கிப் படித்தார்கள். துப்பாக்கிக் குண்டைத் தடுக்காத மூங்கிற் சுவரில் எந்தப் படையும் அரண் அமைக்காது. அரண் அமைக்காத இடத்தைத் தகர்க்க எவர்க்கும் காரணமில்லை. வலிமையின்மையே அங்குக் காவலாயிற்று. பல ஆயிரம் பிள்ளைகள் எழுத்தறிந்தது இக்கூடங்களிலேதான். அதை எவரும் குறைத்துச் சொல்லிவிட முடியாது.

ஆனால் தற்காலிகம் என்று கட்டியதை நெடுங்காலம் அப்படியே விட்டுவைத்தார்கள். பலகை உலர்ந்தது, மின்கம்பிகள் பழசாயின. 2024 மார்ச் மாதத்தில், அங்குள்ள பீஜப்பூர் மாவட்டத்தில் (கர்நாடகத்துப் பீஜப்பூர் வேறு) பெண்கள் தங்கிப் படித்த ஒரு போர்ட்டா கேபினில் நள்ளிரவில் தீப்பற்றியது. 300க்கும் மேற்பட்ட மாணவியர் வெளியேற்றப்பட்டுப் பிழைத்தனர். நான்கு வயதுக் குழந்தை ஒன்று உள்ளேயே இறந்தது. வெடிகுண்டுக்கு அஞ்சிக் கட்டிய சுவர், ஒரு தீப்பொறிக்கு ஆற்றவில்லை.

இந்தக் குற்றத்தை மூங்கிலின்மேல் சுமத்துவது எளிது. மரமும் மூங்கிலும் எரியும் என்பது உண்மையே. ஷில்லாங்கில் மரத்தாலான பழைய சட்டமன்றக் கட்டடமும் 2001 ஜனவரியில் தீக்கிரையாயிற்று. மணிப்பூரின் எல்லையூராகிய மோரேயில், பர்மாவிலிருந்து வந்து தங்கிய தமிழ்க் குடும்பங்களுக்கும் மரவீட்டின் நன்மை தீமை இரண்டும் தெரியும். ஆயினும் நாணற் சுவருக்கும் பஸ்தரின் பலகைச் சுவருக்கும் ஒரு வேறுபாடு உண்டு. பழைய முறையில் நாணல் வெறுமையாக நிற்பதில்லை. இரு புறமும் மண்ணோ காரையோ அதை மூடியிருக்கும். தீ நாணலைத் தொட வேண்டுமானால் முதலில் அப்பூச்சைக் கடக்க வேண்டும். சமையற்கட்டு தனியே நிற்கும். அறைக்கு அறை தாழ்வாரத்தில் திறக்கும் கதவு இருக்கும். விரைவுக்காகவும் சிக்கனத்துக்காகவும் இவையெல்லாம் விடப்பட்டபோது எஞ்சியது மூங்கில் மட்டுமே. மூங்கிலை வெண்காரக் கரைசலில் ஊறவைத்தால் பூச்சி அரிக்காது. அடித்தளத்தைத் தரையிலிருந்து உயர்த்தினால் ஈரம் ஏறாது. ஆண்டுக்கொருமுறை பூச்சைப் புதுப்பித்தால் தீக்கும் ஓரளவு தாங்கும். இவற்றுள் எதுவும் புதிய கண்டுபிடிப்பன்று. ஆண்டுக்கொருமுறை என்பதுதான் கடினம். கட்டுவதற்குப் பணம் ஒதுக்கும் அரசாங்கம், பூசுவதற்கு ஒதுக்குவது அரிது. திறப்பு விழாவுக்குக் கல்வெட்டு உண்டு, பழுதுபார்த்தலுக்குக் கல்வெட்டு ஏது?

அதற்கு விடை தேடிய ஒரு முயற்சி, பல்லாண்டுகள் போராட்டத்தைக் கண்ட நாகாலாந்திலேயே நடந்தது. 1997இல் போர்நிறுத்தம் ஏற்பட்டபோது அங்கே எத்தனையோ ஊர்ப் பள்ளிகளும் மருந்தகங்களும் ஏட்டளவில் இருந்தன. ஆசிரியரும் இல்லை, கூரையும் இல்லை. 2002இல் அம்மாநில சட்டமன்றம் பொதுநிறுவனங்களையும் சேவைகளையும் ஊர்ச் சமூகத்திடம் ஒப்படைக்கும் சட்டமொன்றை நிறைவேற்றியது. தொடக்கப் பள்ளி, துணைச் சுகாதார நிலையம், மின்விநியோகம் ஆகியவற்றின் நிர்வாகம் ஊரார் குழுக்களின் கையில் வந்தது. அரசாங்கம் சம்பளத்தையும் பராமரிப்புத் தொகையையும் தரும்; ஆசிரியர் வந்தாரா என்று பார்ப்பதும், கூரை ஒழுகினால் அடைப்பதும் ஊரார் பொறுப்பு. 2008இல் ஐக்கிய நாடுகள் சபை இம்முயற்சிக்குப் பொதுச்சேவை விருது வழங்கியது. எல்லா ஊரிலும் அது ஒரேவிதமாக வெற்றிபெற்றது என்று கூறுவதற்கில்லை. குழு சோர்ந்த இடத்தில் பள்ளியும் சோர்ந்தது. ஆனால் மோருங்கைக் கட்டிக் காத்த மக்களிடம், சர்க்கார் முதன்முறையாகத் தன் கட்டடத்தின் சாவியையும் வருகைப் பதிவேட்டையும் சேர்த்துக் கொடுத்தது. வேலைக்கு வராத நாளுக்குச் சம்பளம் பிடித்தம் செய்யும் உரிமையும் அத்துடனே ஊராருக்குக் கிடைத்தது.